நாரைக்குக் கீழே ஆறு மூலை

அறைக் கதவில் ‘தலைவர், பிராண்டு’ என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்கு உரியவளோ சில வாரங்களாகத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில் ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கையில் டார்ச், இடுப்பில் கறுப்பு ஸ்டிக்கர் சுருள், தலைமுடியில் கிரீஸ்.

விஷயம் இதுதான். நாரைச் சின்னம் போட்ட வண்டிகளைச் செய்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. காரும் வேனும் செய்வார்கள். பிக்கப்பும் ஒரு காலத்தில் செய்தார்கள். அப்புறம் கட்டுப்படி ஆகவில்லை என்று அதை மூடிவிட்டார்கள். மூடிச் சில வருடங்கள் கழித்து, பிக்கப் இல்லாத கம்பெனியும் ஒரு கம்பெனியா என்று மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. புதிதாக ஒன்று செய்யப் பொறுமை இல்லை. போட்டிக் கம்பெனியிடம் போய் நின்றார்கள். அந்தக் கம்பெனியின் சின்னம் அறுகோணம். ஊரே அவர்களை ஆறுமூலை என்றுதான் சொல்லும். இப்போது ஆறுமூலைக்காரர்கள் தங்கள் தொழிற்சாலையில், தங்கள் ஆட்களை வைத்து, தங்கள் பிக்கப்பைச் செய்து, முகப்பில் மட்டும் நாரையை மாட்டி அனுப்பிவிடுவார்கள். நாரைக்காரர்கள் அதைத் தாங்கள் பெற்ற பிள்ளை என்று சொல்லி விற்பார்கள்.

மாட்டுவது சுலபம். ஆனால் ஆறுமூலைக்காரர்கள் தங்கள் சின்னத்தை வண்டி முழுக்க வாரி இறைத்திருந்தார்கள். கண்ணாடி ஓரத்தில் ஒன்று, சீட் பெல்ட் பொத்தானில் ஒன்று, விளக்குக்குள் ஒன்று, ரப்பர் விரிப்பின் அடியில் ஒன்று, டீசல் மூடியின் உள்பக்கம் ஒன்று. ஜாக்கியின் கைப்பிடியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து மாற்றச் சொல்ல வேண்டும். மாற்ற முடியாது என்றால் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்க வேண்டும். பிராண்டு என்பது மக்களுக்குத் தரும் வாக்குறுதி என்று மேடை மேடையாகப் பேசியவளை வாழ்க்கை இந்த ஸ்டிக்கர் சுருளில் கொண்டுவந்து விட்டிருந்தது.

“திருட்டு வண்டிக்கு நம்பர் பிளேட் மாத்துறவன்கூட இவ்வளவு கஷ்டப்பட மாட்டான்!” என்று வண்டிக்கு அடியிலிருந்து கத்தினாள்.

“மெதுவா மேடம்,” என்றார் பக்கத்தில் குந்தியிருந்த இன்ஜினியர். இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் ஓடி ஓடியே தூக்கம் கெட்ட மனிதர் அவர். “அவங்க ஆள் ஒருத்தர் அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டிருக்கார்.”

“கேக்கட்டும். அவங்களுக்காவது சின்னத்தை வெளியில காட்டுற தைரியம் இருக்கு.”

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு முகப்பு நாரையைத் தொட்டுப் பார்த்தாள். லேசாக ஆடியது. நகத்தால் நெம்பினாள். கிளிப்புகள் படக்கென்று விட்டு, நாரை கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் ஒரு வட்டத் தகடு. அதுவும் கழன்று விழுந்தது. அதற்குப் பின்னால், முகப்புக் கிரில்லிலேயே வார்த்தெடுத்த ஒரு பள்ளம் இருந்தது. உள்ளங்கை அகலம், நல்ல ஆழம், ஆறு மூலை.

“இது என்னங்க?”

“கிரில் அவங்க அச்சுல வர்றது மேடம். நமக்குன்னு தனி அச்சு போட்டா செலவு கையைக் கடிக்கும்னு மேல சொல்லிட்டாங்க. அதான் தகடு வெச்சு மூடிட்டோம்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையில் கிரீஸ் மிச்சம் இருந்ததால் நெற்றியும் கறுத்தது.

கம்பெனியின் துணைத் தலைவருக்கு ஆபீசில் ஆன்மா என்று பெயர். அவர் முதுகுக்குப் பின்னால்தான். எதற்கெடுத்தாலும் ஆன்மா என்பார். கதவு சாத்தும் சத்தத்தில் ஆன்மா, விளம்பர எழுத்தில் ஆன்மா, கேன்டீன் நாற்காலிக்கு நிறம் தேர்ந்தெடுத்தபோதுகூட ஆன்மா. அவள் நெற்றிக் கறையோடு போய் நின்று கிரில்லின் படத்தைக் காட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“மூடியிருக்குல்ல?”

“மூடியிருக்கு சார். ஆனா வெறும் கிளிப்தான். ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.”

“காசு குடுத்து வாங்கினவன் எவனாவது சின்னத்தைக் கழட்டிப் பாப்பானாம்மா? அவன் வண்டியை வாங்கல. நாரையோட ஆன்மாவை வாங்குறான்.”

“சார், இது நல்ல வண்டி. நாம முன்ன செஞ்சதைவிட நல்ல வண்டி. அவங்க செய்றாங்க, நாம வித்து சர்வீஸ் பாத்துக்கறோம்னு நேராவே சொல்லி வித்துடலாமே. என்ன குறைஞ்சு போகுது?”

ஆன்மா அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அப்புறம் நமக்குன்னு என்னம்மா அடையாளம் இருக்கு?”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது அவளுக்கு. அந்த ஆளிடம் பேசுவதற்குச் சுவரே தேவலை. வண்டியின் பூர்வீகத்தைப் பற்றி யாரும் வெளியே மூச்சு விடக் கூடாது, வீட்டிலும் கூடாது என்று மறுபடி ஒரு முறை நினைவூட்டி அனுப்பிவைத்தார்.

சின்னத்தைக் கழட்டுகிறவன் எவன் என்று கேட்டாரே, அப்படி ஒருவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய சொந்த அண்ணன்.

அண்ணனுக்குக் கதவும் ஜன்னலும் கண்ணாடியும் ஏற்றிப் போகிற தொழில். தச்சுப் பட்டறையில் ஏற்றி, வீடு கட்டுகிற இடங்களில் இறக்குவான். முதலில் வாங்கிய பிக்கப் ஆறுமூலைதான். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது பின்கதவு தானாகத் திறந்து, ஒரு வீட்டுக்கான கண்ணாடி மொத்தமும் நடுத்தெருவில் நொறுங்கிப்போனது. ஆறுமூலை ஷோரூமில் போய்க் கேட்டதற்கு, நீ அளவுக்கு மீறி ஏற்றியிருப்பாய் என்று அவன்மேலேயே பழியைத் திருப்பி, பத்துப் பேர் முன்னால் வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கு வந்த கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு நாரை பிக்கப் ஒன்று பழசாக வாங்கினான். அது ஓய்ந்ததும் அதன் முகப்புச் சின்னத்தைக் கழற்றி, அடுத்து வாங்கிய நாரை பிக்கப்பில் மாட்டினான். அலகு உடைந்த நாரை அது. வண்டி மாறலாம், நாரை மாறாது என்பது அவன் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் செய்தித்தாளை விரித்து அந்த நாரையைப் பற்பசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“வா சுண்டு!” என்றான். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் அவள் சுண்டு. நரை விழுந்த பிறகும் சுண்டுதான். “புக் பண்ணிட்டேன் தெரியுமா? முதல் வண்டி எனக்குத்தான்!”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அண்ணா?”

“உங்கிட்ட என்ன கேக்கறது? ‘எங்கள் நாரை, எங்கள் உழைப்பு’ன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே, நீ எழுதினதுதானே? படிச்ச உடனே கிளம்பிப் போயிட்டேன்.”

எழுதியது அவள்தான். ஆன்மா தலைக்கு மேல் நின்று எழுத வைத்தார் என்பதை இவனிடம் எப்படிச் சொல்வது?

“அந்தக் கழிசடையை இவர் தேய்க்கிற மாதிரி என் மோதிரத்தை ஒரு நாள் தேச்சுக் குடுத்திருப்பாரா, கேளும்மா,” என்றாள் அண்ணி, உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடி.

“இல்ல அண்ணா, கொஞ்ச நாள் பொறுத்து வாங்கேன். முதல்ல வர்ற வண்டியில சின்னச் சின்னக் குறை இருக்கும்.”

“நீ பாத்து அனுப்புற வண்டியில என்னடி குறை இருக்கப் போகுது?”

“நாலு இடம் பாத்துத்தான் எல்லாரும் வாங்கறாங்க. அந்த... ஆறுமூலையையும் ஒரு தடவை போய்ப் பாரேன்.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அண்ணி, போச்சு போ என்பதுபோல் அவளைப் பார்த்தாள்.

“நீயா சொல்ற?” என்றான் அண்ணன். “பத்துப் பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரன்னு சொன்னாங்க. நான் ஏத்தினது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? இவகூட அன்னைக்கு என்னை நம்பல. அவங்க வண்டியில இனி நான் கால் வெச்சா, என் பேரை மாத்திக் கூப்பிடு.”

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அண்ணன் போவான். அவன் சண்டை போட்டுக் கத்துகிறவன் இல்லை, ஒரேயடியாக விலகிப் போய்விடுகிறவன். அந்த ஷோரூம் இருக்கிற தெருவில்கூட அவன் அப்புறம் போனதில்லை. வண்டி வர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இன்ஜினியரைப் பிடித்தாள். “அந்தப் பின்கதவுப் பூட்டு எப்படி? தானா திறந்துக்குமா?”

“அது பழைய கதை மேடம். புகார் மேல புகார் வந்து அந்தப் பூட்டையே தூக்கிட்டாங்க. இப்ப வர்றது வேற. நீங்க யானையை ஏத்திச் சாத்தினாலும் திறக்காது.”

அவளுக்கு நிம்மதியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நல்ல வண்டி, நல்ல பூட்டு, மறைக்க ஒரு குற்றமும் கிடையாது. ஒன்றுமே இல்லாத விஷயத்துக்கு ஒரு கட்டிடம் நிறைய ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பூசி மெழுகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்குகிறவள் அவளே.

வண்டி கொடுக்கும் நாள் வந்தது. ஷோரூமில் பிக்கப்பைச் சிவப்புத் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். முதல் வாடிக்கையாளரோடு படம் எடுத்துக்கொள்ள ஆன்மாவே நேரில் வந்திருந்தார். அண்ணன் தேய்த்த சட்டை போட்டு, அண்ணியோடு வந்து நின்றான். துணியை விலக்கினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், சாவியும் கைமாறியது. இதோடு தப்பித்தோம் என்று அவள் மூச்சு விடுவதற்குள், அண்ணன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

“இது என்னோட பழைய நாரை சார். ரெண்டு வண்டி பாத்தது. இதைத்தான் இந்த வண்டியிலயும் மாட்டிக்கப் போறேன்.”

ஆன்மாவின் முகம் பல்பு போட்டதுபோல் ஆனது. “இதுதான்! இதைத்தான் நான் நாள் பூரா சொல்லிட்டே இருக்கேன்! இதுதான் ஆன்மா! போட்டோகிராபர், இங்க வாங்க. சார் தன் கையாலயே புதுசைக் கழட்டிப் பழசை மாட்டட்டும். யாராவது ஒரு ஸ்குரூ டிரைவர் கொண்டாங்கப்பா!”

இன்ஜினியரின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் ஆன்மாவின் அருகில் போய், “சார், கிரில்,” என்றாள் மெல்ல.

“எந்த கிரில்?”

மறந்தே போய்விட்டார்! எவன் கழட்டப் போகிறான் என்று கேட்ட அதே மனிதர், ஆள் வைத்துக் கழட்டச் சொல்கிறார். இப்படிப்பட்ட ஒருவருக்காகவா வண்டிக்கு அடியில் கிடந்தோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பள்ளம் என்று அவள் கையால் காட்டியதும்தான் அவருக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின. அதற்குள் யாரோ ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

“அண்ணா, வேண்டாம்,” என்றாள் அவள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. “சின்னத்தைக் கழட்டினா வாரண்டி போயிடும்.”

“அப்படியா?” அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சரி சரி, அப்ப வேண்டாம்.” பழைய நாரையை மறுபடி கைக்குட்டையில் சுற்றினான். போட்டோகிராபர் பக்கம் திரும்பி, “என் தங்கச்சிங்க. இங்கதான் பெரிய வேலையில இருக்கு. அது வேண்டாம்னு சொன்னா நான் ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டேன்,” என்றான் பெருமையாக.

வயிற்றுப் பக்கமாகக் கையை வைத்து, யாருக்கும் தெரியாமல், ஆன்மா அவளுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிரமாதம் என்று அர்த்தம்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆன்மாமேல் மட்டும் இல்லை, தன்மேலும்தான். அண்ணன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கினாள். நேராக வண்டியின் முகப்புக்குப் போனாள். நெம்பின நெம்பில் நாரை தெறித்து டைல்ஸ் தரையில் விழுந்து உருண்டது. வட்டத் தகட்டையும் பிடுங்கி எறிந்தாள்.

அண்ணன் கிட்டே வந்து குனிந்தான். விரலைப் பள்ளத்துக்குள் விட்டு, ஒவ்வொரு மூலையாகத் தடவி, ஆறையும் சுற்றி வந்தான்.

“இது அவங்க வண்டியா?”

“ஆமா.”

“முழுசுமா?”

“முழுசும். கீழே கிடக்குதே, அந்த நாரை மட்டும்தான் எங்களது. வாரண்டி போயிடும்னு சொன்னது பொய்.”

அவன் வண்டியின் பின்பக்கம் போனான். பின்கதவைத் திறந்தான், சாத்தினான். குத்தினான். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அது அசையவில்லை.

“பூட்டை மாத்தியிருக்காங்க.”

“ஆமா அண்ணா. நிறையப் புகார் வந்து மாத்திட்டாங்க.”

“அப்ப தப்பு பூட்டு மேலதான்.” மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “கேட்டியா? நான் அதிகமா ஏத்தல.”

“நானும்ல உங்களைத் திட்டினேன்,” என்றாள் அண்ணி. அவள் புடவைத் தலைப்பு கண்ணுக்குப் போனது.

“உனக்கு எப்பலேருந்து தெரியும் சுண்டு?”

“வண்டி அவங்களதுன்னு அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்பவே தெரியும். பூட்டு விஷயம் மறுநாளே தெரியும்.”

“சொல்லியிருந்தா இதே வண்டியை உங்கிட்டயே சந்தோஷமா வாங்கியிருப்பேனேடி.”

சாவியை ஆன்மாவின் கையில் வைத்தான். “நல்ல வண்டி சார். ஆனா எனக்கு வேண்டாம்.” அண்ணியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். போகும்போது தங்கை பக்கம் திரும்பவில்லை.

வேலை போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை. நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று ஆயிற்று. ஆனால் கம்பெனி அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் ஆன்மா எழுந்து அதை அறிவித்தார்: “இனிமே கிளிப் கிடையாது. சின்னத்தைப் பசை போட்டு ஒட்டிடறோம். கடப்பாரை போட்டாலும் வரக் கூடாது. நல்ல பசையா பாத்துச் சொல்ல வேண்டியது பிராண்டுத் துறை பொறுப்பு.”

அவள் சிரித்தாள். அடக்க அடக்க இன்னும் வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். “பசையை நீங்களே பாத்துக்கங்க சார்,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். பித்தளைப் பலகையை மாட்டியவர்களே கழற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணன் அதுவரை பேசவில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுப்பாள். கொஞ்சம் விட்டுப் பிடிம்மா என்பாள். ராஜினாமா விஷயத்தையும் அவளிடம்தான் சொன்னாள். வேலை கைமாற்றிக் கொடுத்து முடித்த கடைசி நாளன்று, ஆபீஸ் வாசலில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. எவன் இப்படி உயிரை எடுக்கிறான் என்று எரிச்சலோடு திரும்பினாள்.

புத்தம் புது பிக்கப். முகப்பில் பளபளவென்று அறுகோணம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அண்ணன்.

“ஏறு.”

ஏறினாள். அவன் வண்டியைத் தெருவுக்கு எடுத்தான்.

“அந்த ஷோரூமுக்குப் போனேன். பழைய மேனேஜரேதான் இன்னும் இருக்கார். பூட்டைப் பத்திக் கேட்டேன். ஆமாங்க, அந்தப் பூட்டு மோசம்தான், உங்களை அப்படிப் பேசினது தப்புதான்னு சொல்லிட்டார். அவ்வளவு பேர் முன்னாடி.” கியரை மாற்றினான். “அங்கேயே வாங்கிட்டேன்.”

“பேரை மாத்திக் கூப்பிடணுமா?”

“வாயை மூடிட்டு பெல்ட்டைப் போடு.”

போட்டாள். பொத்தானில் கட்டை விரல் பட்டதும் அறுகோணம் தட்டுப்பட்டது. கை பழக்கதோஷத்தில் ஸ்டிக்கர் சுருளைத் தேடி இடுப்புக்குப் போயிற்று. கண்ணாடி ஓரத்தில் ஒன்று இருந்தது. காலடி விரிப்பின் நுனியை ஷூவால் தூக்கிப் பார்த்தாள், அங்கேயும் ஒன்று.

“என்னத்தடி தேடுற?”

“ஒண்ணுமில்ல. எல்லாம் அதுஅது இடத்துல இருக்கு.”

அண்ணன் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல், சட்டைப் பையிலிருந்து அந்த அலகு உடைந்த நாரையை எடுத்து அவள் மடியில் போட்டான். அதைப் பற்பசை போட்டு மறுபடி தேய்த்திருந்தான்.

“இதை இந்த வண்டியில மாட்டலாமான்னு அங்கே கேட்டேன். சின்னத்தைக் கழட்டினா வாரண்டி போகுமான்னும் கேட்டேன்.”

அவள் நாரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போகாதாம்,” என்றான் அண்ணன்.